குப்பைவாளிக்குள் ஓர் அயர்லாந்துக்காரன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஒஸ்லோ நகரத்தில் பதினேழு பேருக்கு வேலை கொடுக்கிற அளவுக்கு வந்த தமிழன் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். கப்பல் கம்பனி, பல்வைத்தியர்களின் அறைகள், வழக்கறிஞர்களின் கந்தோர்கள் எல்லாம் என் ஆட்கள் துடைத்த தரைதான். முதலில் ஒரு மொப்பும் ஒரு வாளியும் வைத்திருந்தேன். பிறகு ஒரு வான், அதற்குப் பிறகு இரண்டாவது வான். எவரும் எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் சொல்லிவைக்கிறேன்.

துப்பரவுத் தொழிலில் ஒரு சட்டம் இருக்கிறது. வாளிக்குள் கிடப்பது கறுப்புப் பைக்குள் போகவேண்டும். வாளிக்கு வெளியே கிடப்பது, கசக்கி எறிந்த கடதாசியாக இருந்தாலும், கிடந்த இடத்திலேயே கிடக்கவேண்டும். கட்டடத்துக்குள் இருந்து எங்கள் கையோடு ஒரு குண்டூசிகூட வெளியே வரக்கூடாது. கந்தோர்க்காரர்கள் வருவதற்கு முன்னர் நாங்கள் போய்விடுவோம். எங்கள் முகத்தை அவர்கள் பார்ப்பதில்லை. முகம் தெரியாத ஒருவனிடம் கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டில் படுக்கிறார்கள் என்றால், அது அந்தச் சட்டத்தை நம்பித்தான். வாளிக்குள் கிடந்த ஒரு பழைய கலண்டரை, படம் அழகாக இருக்கிறது என்று வீட்டுக்குக் கொண்டுபோன ஒருவரை நான் அன்றே நிறுத்தினேன். அவர் என் சொந்த ஊர்க்காரர், உறவுமுறையும் கூட. இருந்தும் நிறுத்தினேன்.

அப்படிப்பட்ட என் வீட்டில், என் மனைவியின் பொங்கல் பானைக்குள், பதினொரு தாள்களைக் கண்டேன்.

இரண்டாயிரத்து நாலு என்று நினைக்கிறேன். ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலம். விடுமுறைக்குப் போய்வந்த சனம் எல்லாம் ஒடியல்மாவும் கருவாடும் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்தது. ட்வெய்ட்டாவில் எங்கள் வீடு ஒன்பதாம் மாடி. ஒரு சனிக்கிழமை குசினித் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகத் தொடங்கியது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். தண்ணீரை ஏந்துவதற்கு எதையாவது தேடியபோதுதான் மேல் அலுமாரியில் இருந்த அந்தப் பானை கையில் பட்டது. தைமாதத்தில் ஒரு நாள் இறக்குகிற பானை. மற்ற நாட்களில் அதை எவரும் தொடுவதில்லை. ஒன்றை ஒளித்துவைக்க வேண்டுமென்றால் அதைவிட நல்ல இடம் எங்கள் வீட்டில் கிடையாது. நான் ஒளிப்பதாக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன்.

தாள்கள் எல்லாம் ஒருகாலத்தில் கசக்கப்பட்டவை. சுருக்கம் தெரிந்தது. ஆனால் இஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கி நிமிர்த்தியிருந்தாள். என் சேட்டுக்குக்கூட அவ்வளவு கவனமாகப் பெட்டி பிடித்ததில்லை. நீல மையில் ஓர் ஆணின் கையெழுத்து. நோர்வேஜிய மொழி. எழுதி, வெட்டி, மேலே திருத்தி, பக்கவாட்டில் இன்னும் எழுதியிருந்தது. வரிகள் தாளின் ஓரம் வரை போகவில்லை. பாதியிலேயே முறிந்து முறிந்து கீழே இறங்கின.

அந்த மொழியில் என்னுடைய வாசிப்பு, சவர்க்காரப் போத்தலில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையோடும் ஒப்பந்தங்களோடும் நின்றுவிடும். ஆனாலும் சில சொற்கள் தெரியும். காதல் என்ற சொல் தெரிந்தது. கடல் என்று இருந்தது. 'உன் குரல்' என்று இருந்தது. பதினொரு தாளிலும் 'உன் குரல்' இருந்தது. தாள்களைத் திருப்பினேன். பின்பக்கத்தில் அச்சடித்த தலைப்பு. நகரத்துக்குள் நாங்கள் துப்பரவு செய்கிற ஒரு புத்தகப் பதிப்பகத்தின் பெயர். அதன் மூன்றாம் மாடியை இரண்டு வருடமாகத் தனியே செய்வது என் மனைவி.

தண்ணீர் குசினி முழுவதும் பரவி என் காலை நனைத்தது. நான் இரண்டு தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மிச்சத்தை இருந்தபடியே வைத்தேன்.

சந்தேகம் வந்துவிட்டால் கண் கூர்மையாகிவிடும். காலை ஏழே முக்காலுக்கு வீட்டுக்கு வருகிறவள் சில மாதமாக எட்டரைக்கு வருவது அப்போதுதான் உறைத்தது. வாசிப்பதற்கு ஒரு மூக்குக்கண்ணாடி புதிதாக வாங்கியிருந்தாள். எதை வாசிக்க? விடியற்காலை மொப்பு பிடிக்கப் போகிறவள் பொட்டு வைத்துக்கொண்டு போகிறாள். கலியாணம் கட்டின நாளில் இருந்து அவள் பொட்டு வைக்கிறவள்தான். எனக்கு அந்தக் கிழமைதான் அது கண்ணில் பட்டது.

லில்லெஸ்ட்ரோமில் எனக்கு ஒரு சினேகிதர் இருக்கிறார். மன்னார்ப் பக்கத்தவர், பஸ் ஓட்டுகிறார். நோர்வேஜிய மொழியை அந்த நாட்டுக்காரர் மாதிரியே கதைப்பார். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் ஒரு விஷயத்தை வெளியே விடாத ஆள். ஞாயிறு பூசை முடிந்து அவர் வீட்டுக்கு வந்திருப்பார் என்று கணக்குப் பண்ணி ரயில் ஏறினேன்.

"என்னண்ணை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கிறீங்கள்? ஆரும் செத்துப் போச்சினமோ?"

"சீ. ஒரு கடுதாசி வாசிக்கவேணும்."

"வரிக் கந்தோரோ?"

"நீர் முதலிலை வாசியும்."

இரண்டு தாளையும் வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவருடைய உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை வாசித்துவிட்டு, திரும்பவும் முதலில் இருந்து வாசித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"இது உங்களுக்கு வந்ததோ?"

"எனக்கு ஆர் உதெல்லாம் எழுதப் போயினம்? என்னட்டை வேலை செய்யிற ஒருத்தற்றை மனிசியின்ரை பைக்குள்ளை கிடந்ததாம். பாவம் அவர், என்னட்டைக் கொண்டுவந்து தந்தவர்."

"ஓ. அவரோ." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

"ரெண்டும் ஒரே விசயம்தான் அண்ணை. ஒருத்தி கடல் கடந்து போட்டாள். இவன் கரையிலை இருந்து அழுகிறான். அவளின்ரை குரலை மறந்துபோனானாம். முதல் தாளிலை சும்மா அழுகிறான். ரெண்டாவது தாள் இருக்கே..." அவர் தாளை மெதுவாக மேசையில் வைத்தார். "எழுத எழுதக் கை ஏறுது இவனுக்கு. இன்னும் நாலு தாள் எழுதினானெண்டால், நானே சூட்கேசோடை வெளிக்கிட்டிடுவன்."

"பகிடியை விடும். எந்தக் கடல்?"

"கடலுக்குப் பேர் போடேல்லை."

"அவள் ஊரிலையிருந்து இஞ்சை வந்து பதினொரு வருசம். இவன் எந்தக் கரையிலை இருந்து அழுகிறான்?"

"முதலாளி எண்டால் ஆக்களின்ரை விபரம் எல்லாம் விரல் நுனியிலை இருக்கும் போலை."

"இருக்கத்தானே வேணும்."

தேத்தண்ணி குடித்து முடித்து நான் எழும்பியபோது, சப்பாத்து ராக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: "அண்ணை, அந்த உங்கடை ஆளிட்டை என்ரை பேரிலை ஒண்டு கேளுங்கோ. வேலைக் கதையில்லாமல் அவர் மனிசியோடை கடைசியா எப்ப கதைச்சவராம்?"

ரயிலில் வரும்போது அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன். ஒரு பஸ் ஓட்டுகிறவருக்கு என்ன தெரியும்? பதினேழு பேரைக் கட்டி மேய்க்கிறவனுக்கு இருந்து கதைக்க நேரம் ஏது?

ஆனால் எனக்குப் பயம் வந்ததற்கு வேறொரு காரணம் இருந்தது. அதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. எழுத்து ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அப்படி ஒரு வேலை பார்த்தவன்.

எண்பத்தாறில் நான் நோர்வேக்கு வந்தபோது மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தேன். வடக்கே, உலகம் முடிகிற இடத்தில் ஒரு மீன் தொழிற்சாலை. நாலு பேர் ஓர் அறையில் இருந்தோம். அவர்களில் ஒருவர் நன்றாகப் படித்தவர், வசனம் எழுதக் கூடியவர். எனக்கு வாசிக்க வரும். எழுதவும் வரும். ஆனால் பேனையைப் பிடித்தால் "நான் சுகம், நீர் சுகமோ, இஞ்சை சரியான குளிர்" என்பதற்குப் பிறகு ஒரு சொல் வராது. ஒரு நாள் அவரிடம் சொன்னேன். அவர் என் மூன்று வசனத்தை இரண்டு பக்கமாக்கித் தந்தார். பனி விழுவதைப் பற்றி எழுதினார். பிரிவைப் பற்றி எழுதினார். அதற்கு வந்த பதிலில் என் மனைவி, "உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன்" என்று எழுதியிருந்தாள்.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் நெடுநேரம் இருந்தேன். சந்தோஷப்பட வேண்டும். ஆனால் என்னால் முடியவில்லை. அவள் அழுதது அவனுடைய வரிக்குத்தானே? பிறகு ஏழு வருடமும் அவரே எழுதினார். வேறு வழி இருக்கவில்லை, ஏனென்றால் இடையில் நிறுத்தினால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். அவள் இங்கே வந்து இறங்கிய பிறகு, நான் ஏன் அந்தக் கடிதங்களில் இருந்தது போலக் கதைப்பதில்லை என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் பயமாக இருந்தது. அவள் மனதுக்குள் அந்தக் கடிதக்காரன் ஒருவன் இருக்கிறான், அவன் நானில்லை என்ற எண்ணம் எனக்கு எப்போதும் இருந்தது. இப்போது இன்னொருவன், நீல மையோடு.

வியாழக்கிழமை பின்னேரம், அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது, பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"உமக்கு முழங்கால் நோகுதெல்லோ. நாளைக்கு மூண்டாம் மாடியை நான் செய்யிறன்."

"முழங்கால் போன மாரியிலை நொந்தது. இப்ப ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாட்டியும் ஒரு நாள் படும்."

"வேண்டாம். நான் போறன். உங்களுக்கு அங்கை எது எங்கை இருக்கெண்டு தெரியாது."

"எனக்கோ? அந்த ஒப்பந்தத்தை எடுத்தவனே நான். அளந்தவனே நான்."

கத்தி நின்றது. "நாளைக்கு மட்டும் விடுங்கோவன்," என்றாள். "வேணுமெண்டால் திங்கக்கிழமை செய்யுங்கோ."

நாளைக்கு மட்டும் ஏன்? நாளைக்கு என்ன இருக்கிறது? நான் கேட்கவில்லை. முதலாளிக் குரலில், "நான் போறன்," என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி வெட்டத் தொடங்கினாள். வெங்காயமா, வேறு ஏதாவதா என்று பார்க்க நான் பத்திரிகையைக் கொஞ்சம் இறக்கினேன்.

காலை ஐந்தரைக்கு அந்தக் கட்டடத்தில் நின்றேன். மூன்றாம் மாடியில் ஒன்பது அறை. எட்டு அறையையும் நான் எப்படிச் செய்தேன் என்று ஞாபகமில்லை. கடைசி அறைக்குள் போனதும் தெரிந்துவிட்டது. மேசை முழுக்க நீல மைத் தாள்கள். கதிரைக்குக் கீழே வீட்டுச் சப்பாத்து ஒரு சோடி, குதி தேய்ந்தது. யன்னல் ஓரத்தில் ஒரு செத்துக்கொண்டிருக்கிற பூக்கன்று, ஆனால் மண் ஈரம். யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது எங்கள் ஒப்பந்தத்தில் இல்லாத வேலை.

மேசை விளக்கில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள். எங்கள் தொழிலில் மஞ்சள் தாள் வழக்கம். 'இதை எறியவேண்டாம்', 'யன்னலைப் பூட்டவும்' என்று எழுதிவைப்பார்கள். நாங்களும் 'பல்ப் எரியவில்லை' என்று எழுதிவைப்போம். ஆனால் இதில் என் மனைவியின் கையெழுத்து. எளிய சொற்கள், அதனால் எனக்கே விளங்கியது: "நேற்று எறிந்ததுதான் நல்லது. இதில் அவன் மிகவும் அழுகிறான்."

அதற்குக் கீழே நீல மையில்: "நீங்கள் சொன்னது சரி. திரும்ப எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுங்கள்."

வெள்ளிக்கிழமை. அதாவது இன்று. எதற்கு முடிவு? என் மனைவி எதற்கு முடிவு சொல்லவேண்டும்? மொப்புத் தடியை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்றால், பிறகு உள்ளங்கையில் தடம் இருந்தது. 'அவன் மிகவும் அழுகிறான்' என்றால் அந்த அவன் யார்? நானா? நான் எங்கே அழுதேன்?

வேலை முடிந்தும் நான் போகவில்லை. தள்ளுவண்டியை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு இருந்தேன். எட்டு மணிக்கு மின்தூக்கி திறந்தது.

வந்தவருக்கு எழுபது வயதுக்கு மேலே இருக்கும். மெலிந்த ஆள். கம்பளித் தொப்பி, கையில் ரொட்டிப் பெட்டி. என்னைக் கண்டு திடுக்கிட்டார். பிறகு என் சீருடையைக் கண்டு, "அந்த அம்மா எங்கே? சுகமில்லையா?" என்று கேட்டார்.

"நான் அவளுடைய கணவன்," என்றேன். எனக்குத் தெரிந்த நோர்வேஜியத்தில் மிகக் கடுமையான குரலில். "இந்தக் கம்பனியின் முதலாளியும் நான்தான்."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "நான் உங்களிடம் ஒன்று கேட்கலாமா? அவர் எப்படி இருப்பார்? உயரமா? வயதானவரா? இரண்டு வருடமாக நாங்கள் இந்த மஞ்சள் தாளில் பேசுகிறோம். நான் அவரைக் கண்டதே இல்லை."

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். என் மனைவி எப்படி இருப்பாள்? ஒப்பந்தத்தில் இத்தனை சதுர மீற்றர் என்று எழுதுவேன். ஆளைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. "குட்டை," என்றேன். "ஐம்பத்திரண்டு வயது. நல்லாச் சமைப்பாள். கோபம் வந்தால் கதைக்கமாட்டாள்."

அவர் தலையாட்டினார், ஏதோ பெரிய விஷயத்தைக் கேட்டவர் மாதிரி.

பிறகு மேசையில் இருந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ஆங்கிலப் புத்தகம். பின் அட்டையில் கழுத்தில் துணி சுற்றிய ஒருவனின் மங்கல் படம். அயர்லாந்து நாட்டுக் கவிஞன் என்றார். என் தகப்பன் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவன். அவனுடைய கவிதைகளைத்தான் இவர் நோர்வேஜியத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு கவிதையை இருபது முப்பது தடவை எழுதி எழுதி எறிவாராம். ஒரு நாள் காலை வந்து பார்த்தபோது, முதல் நாள் எறிந்த ஒரு தாள் நிமிர்த்தப்பட்டு மேசையில் இருந்ததாம். மேலே மஞ்சள் தாள்: "மன்னிக்கவும். இதை எறியவேண்டாம்."

"எனக்குக் கடும் கோபம் வந்தது," என்றார். "பிறகு உட்கார்ந்து வாசித்தேன். அவர் சொன்னது சரி. இங்கே படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோரும் இந்தக் கவிதைகளை வாசிக்க நேரமில்லை என்கிறார்கள். உங்கள் மனைவி ஒருவர்தான் வாசிக்கிறார்."

"அவள் என் சட்டத்தை மீறியிருக்கிறாள்," என்றேன். "வாளிக்குள் இருப்பது பைக்குள் போகவேண்டும். உங்கள் தாள்களை வீட்டுக்கும் கொண்டுபோயிருக்கிறாள்."

"தெரியும். நான்தான் எடுத்துப் போகச் சொன்னேன்." வெள்ளிக்கிழமை முடிவு என்னவென்று கேட்டேன். இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். ஒரே கவிதையின் இரண்டு வடிவம். எது புத்தகத்துக்குப் போவது என்று அவள் சொல்லவேண்டுமாம். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறாராம்.

நான் இரண்டையும் வாங்கிக்கொண்டு இறங்கினேன். வானுக்குள் இருந்து யோசித்தேன். கதை ஒழுங்காகத்தான் இருந்தது. மிகவும் ஒழுங்காக இருந்தது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம். எழுதியவன் செத்துவிட்டான், சரி. மாற்றியவர் கிழவர், கண்டதும் இல்லை, சரி. அப்படியென்றால் பானைக்குள் ஒளித்தது ஏன்? அந்த வரிகளை வாசிக்கும்போது என் மனைவி யாரை நினைத்தாள்?

வீட்டுக்குப் போனபோது அவள் குசினி மேசையில் இருந்தாள். முன்னால் அந்தப் பானை. ஒன்பது தாளையும் வெளியே எடுத்து, பக்கத்தில் நான் அதுவரை காணாத ஒரு பள்ளிக்கூடக் கொப்பியையும் வைத்திருந்தாள்.

"ரெண்டு தாள் குறையுதெண்டு போன கிழமையே தெரியும்," என்றாள்.

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் கேப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"கலண்டர் எடுத்தவனை நான் நிப்பாட்டினனான். உமக்குத் தெரியும்."

"ஓம். என்னையும் நிப்பாட்டுங்கோ." அவள் குரல் உயரவில்லை. "மூண்டாம் மாடியை என்னட்டையிருந்து எடுத்தீங்களெண்டால், நான் மகளிட்டைப் பேர்கனுக்குப் போயிடுவன். திரும்பி வரமாட்டன். பகிடிக்குச் சொல்லேல்லை. இந்த நாட்டிலை என்ரை எண்டு இருக்கிறது அந்த ஒரு அறைதான்."

இருபத்தைந்து வருடத்தில் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தேன்.

"உதுக்குள்ளை என்ன கிடக்குது?" என்று கேட்டேன். "ஒருத்தன் ஒருத்தியை நினைச்சு அழுகிறான். உமக்கு அதிலை என்ன?"

அவள் கொப்பியைத் திறந்தாள். கிழவரின் தாளையும் அந்த ஆங்கிலப் புத்தகத்தையும் பார்த்து, கவிதையைத் தமிழில் எழுதிவைத்திருந்தாள். அவளுக்கு ஊரில் ஆங்கிலம் நன்றாக வரும், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க ஆசைப்பட்டவள் என்று கலியாணம் பேசும்போது சொன்னார்கள். பிறகு நான் அதை மறந்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். கவிதை பெரிதல்ல. கப்பலேறிப் போனவளின் முகம் அவனிடம் இருக்கிறது, கை இருக்கிறது, படியேறுகிற நடைகூட இருக்கிறது. குரல் மட்டும் போய்விட்டது. அதை அவளுக்கு எழுத வெட்கப்பட்டு, மழையைப் பற்றி எழுதுகிறான்.

"எண்பத்தெட்டிலை நீங்கள் முதன்முதல் ரெலிபோன் எடுத்தது நினைவிருக்கோ?" என்றாள். "பட்டினத்திலை கடையொண்டிலை ரெண்டு மணித்தியாலம் காத்திருந்தனான். நீங்கள் 'ஹலோ' எண்டியள். நான் 'ஆர் கதைக்கிறது?' எண்டு கேட்டன்."

நினைவில்லாமல் என்ன? அதை நான் கலியாண வீடுகளில் பகிடியாகச் சொல்லுவேன். சனம் வயிறு பிடித்துச் சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

"லைன் சரியில்லை எண்டு சொன்னனான். லைன் நல்லாத்தான் இருந்தது. எனக்கு உங்கடை குரல் தெரியேல்லை. கலியாணம் கட்டின மனிசன்ரை குரல் மறந்து போச்சு எண்டு நான் ஆரிட்டைச் சொல்லுறது? நான் கெட்டவளெண்டு நினைச்சன். இந்த அயர்லாந்துக்காரனும் மறந்திருக்கிறான் எண்டு கண்ட அண்டைக்குத்தான், வாளிக்குப் பக்கத்திலை இருந்து அழுதனான்."

நான் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. "கடிதம் வந்ததுதானே," என்றேன். "மாதாமாதம் வந்ததுதானே."

"கடிதம் வர வரத்தான் குரல் இன்னும் மறந்தது. அது உங்கடை கதை இல்லையே."

நான் குனிந்து சப்பாத்து நூலை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"ரெண்டாவது கடிதத்திலேயே தெரியும். நீங்கள் எப்பவாவது என்னை 'அன்பே' எண்டு கூப்பிட்டிருக்கிறீங்களோ? 'இஞ்சாரும்' எண்டுதான் கூப்பிடுவீங்கள். ஆரோ எழுதித் தாறான் எண்டு விளங்கிட்டுது."

"அப்ப ஏன் அழுதனெண்டு எழுதினீர்?"

"அழுதனான்தான். ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்காத மனிசன், மனிசிக்கு ஒரு கடிதம் எழுதித் தா எண்டு இன்னொருத்தனிட்டைப் போய் நிக்கிற அளவுக்குத் தனிச்சுப் போனாரே எண்டு."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டு, மிகவும் மெதுவாகக் கேட்டேன். "அவனை ஒருநாளும் நினைக்கேல்லையோ?"

"ஆரை?"

"எழுதினவனை."

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "அந்தாளின்ரை எழுத்திலை பாதி படப்பாட்டு. என்ரை தங்கச்சி வாசிச்சு ராகம் போட்டுப் பாடிக் காட்டுவாள். கேட்டுச் சிரிச்சுச் சிரிச்சு அம்மாவிட்டை ஏச்சு வாங்கியிருக்கிறம். நீங்கள் இவ்வளவு காலமும் உதையோ மனசுக்குள்ளை வைச்சுக் கொண்டிருந்தனீங்கள்?"

முழுதாக நம்பினேன் என்று எழுதத்தான் ஆசை. முக்கால்வாசி நம்பினேன். மிச்சக் கால்வாசி என் பிறவிக்குணம். அதை வைத்துத்தான் நான் கம்பனியும் நடத்துகிறேன்.

கிழவர் தந்த இரண்டு தாளையும் சட்டைப் பையில் இருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "கிழவர் முடிவு கேக்கிறார். திங்கள் குடுக்கவேணுமாம்." அவள் வாங்கினாள். தேத்தண்ணி நான் போட்டேன். அது எங்கள் வீட்டில் அபூர்வம், அதையும் சொல்லிவைக்கிறேன். அவள் இரண்டையும் மாறிமாறி வாசித்துவிட்டு, குறைய அழுகிற தாளைத் தெரிந்தெடுத்தாள்.

மூன்றாம் மாடி அவளிடமே இருந்தது. ஆனால் வேலை அட்டவணையில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் நானும் போவேன் என்று. ஒன்பது அறைக்கு ஓர் ஆள் போதாது என்று காரணம் எழுதினேன். இரண்டு வருடம் போதுமாக இருந்தது இப்போது ஏன் போதவில்லை என்று அவள் கேட்கவில்லை. வானுக்குள் ஏறியதும் கொப்பியைத் திறந்து, புதிதாக எழுதியதை வாசிக்கத் தொடங்குவாள். நான் ஓட்டுவேன். சில நாள் அந்த அயர்லாந்துக்காரன் பேச்சில் எனக்குப் பொறுமை போய்விடும். இவ்வளவு அழகாக அழத் தெரிந்தவன் ஒருத்திக்கு மட்டும் அழுதிருப்பானா என்று கேட்பேன். "உங்களுக்குச் செத்தவனிலையும் சந்தேகமோ?" என்பாள். "திரும்ப ஒருக்கா வாசியும்," என்பேன்.

கடைசி அறையில் வாளியை நான்தான் எடுப்பேன். அவள் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாக விரித்து, விளக்குக்குக் கீழே பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் அவள் கையில் கொடுப்பேன். வாசித்து விளங்காது. ஆனாலும் பார்ப்பேன்.